அம்மாவுக்கு அக்கி வந்தப்ப நான் தொலைச்ச அந்த மூணு நாள்

எங்க வீட்டுல நானும் அம்மாவும் மட்டுந்தான். வீரவநல்லூர்ல பழைய காலத்து வீடு, முன்னால தார்சா, உள்ள பட்டாசல், பின்னால அடுக்களை, அவ்ளோதான். அப்பா போயி ஒம்பது வருஷம் ஆச்சு, அக்கா பெங்களூர்ல இருக்கா, நான் கல்யாணம் பண்ணிக்கல, அம்பாசமுத்திரத்துல ஒரு அரிசி மில்லுல கணக்கு எழுதுறேன். அம்மாவுக்கு 74 வயசு, சுகர் 15 வருஷமா இருக்கு. போன சித்திரையில அவளுக்கு அக்கி வந்துச்சு, இங்கிலீஷ்ல ஷிங்கிள்ஸ்ம்பாவ, உடம்புல ஒரே பக்கமா எரிச்சலோட கொத்துக் கொத்தா தண்ணிக் கொப்புளம் வர்ற வியாதி. அதுல நான் பண்ணின தப்பை ஒண்ணு விடாம சொல்லிடணும்னு நெனைக்கேன், ஏன்னா அந்த வாரத்துல யாராவது ஒரே ஒரு ஆள் எங்கிட்ட "ஏய்யா, இதுக்கு மாத்திரை இருக்கு, மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும்"னு சொல்லியிருந்தா எங்கம்மா அஞ்சு மாசம் ராத்திரி தூங்காம கெடந்துருக்க மாட்டா.

திங்கக்கிழமை ராத்திரி சாப்பிட்டு படுக்கப் போறப்ப எடது பக்கம் நெஞ்சுக்குக் கீழ எரியுதுன்னு சொன்னா. கேஸா இருக்கும்னு சீரகத் தண்ணி போட்டுக் குடுத்தேன். விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துகிட்டு "ஏல ஐயா, முதுகுல இருந்து முன்னால வரைக்கும் கம்பியக் காய்ச்சி இழுத்த மாரி இருக்குடே"ங்கா. சுகர் உள்ள ஆளுக்கு எடது பக்கம் வலின்னா என்ன தோணும், ஹார்ட்னுதான் தோணும். கார் புடிச்சு பாளையங்கோட்டைக்கு ஓடுனேன், ஈசிஜி, எக்கோ, ரத்தத்துல ஹார்ட் டெஸ்ட்டு எல்லாம் எடுத்தாவ, எல்லாமே நார்மல், கேஸ் மாத்திரையும் வலி மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டாவ. கார் வாடகையோட 4,350 ரூபா. நான் அந்தப் பணத்தை வீண்னு சொல்ல மாட்டேன், நெஞ்சுவலின்னா யாரா இருந்தாலும் முதல்ல ஈசிஜிதான் எடுக்கணும், அதுல யோசிக்கவே கூடாது. ஆனா எல்லாம் நார்மல்னு சொன்ன பெறவு நாம செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. ஒரே பக்கமா எரிச்சலும் குத்தலும் இருந்து காரணம் தெரியலன்னா, அடுத்த நாலஞ்சு நாளைக்கு தெனமும் அந்த எடத்துத் தோலப் பாக்கணும். அக்கியில பெரும்பாலும் வலி முதல்ல வரும், கொப்புளம் ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வரும், இது எனக்கு அப்பத் தெரியாது.

வியாழக்கிழமை காலையிலேயே மாருக்குக் கீழ செவப்பா தடிச்சு வந்துருக்கு. எங்கிட்ட சொல்லல. எப்படிச் சொல்லுவா, அந்த எடம் அப்படி. மகன்ட்ட ரவிக்கையை அவுத்துக் காட்டவா முடியும். வேர்க்குருன்னு நெனச்சு பவுடரைப் போட்டுருக்கா, தேங்காண்ணெய் தடவியிருக்கா, ரெண்டு நாள் ஒண்ணும் தெரியாத மாரி சோறு பொங்கியிருக்கா. சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வந்து பாக்கேன், கொடியில துணி போட எடது கையைத் தூக்க முடியாம வாளிப் பக்கத்துல நிக்கா, முகமெல்லாம் வேத்து ஊத்துது. என்னம்மான்னு கேட்டதுக்கு அழுதுட்டா. பக்கத்து வீட்டுச் சித்தியக் கூப்ட்டு பாக்கச் சொன்னேன். சித்தி பாத்துட்டு வெளிய வந்து "முத்து முத்தா இருக்குடே, ஜவ்வரிசி ஒட்டுன மாரி"ன்னாவ.

என்ன மாரி அம்மாவோட தனியா இருக்க ஆம்பளைங்க, இல்ல அப்பாவத் தனியாப் பாத்துக்குற பொண்ணுங்க, தயவுசெஞ்சு இதை யோசிங்க. வயசானவங்க உடம்புல நம்ம கண்ணு படாத எடம் நெறைய இருக்கு, மாருக்குக் கீழ, அடிவயித்து மடிப்பு, தொடை இடுக்கு, முதுகு, குண்டி. அவங்களுக்கே குனிஞ்சு பாக்க முடியாது, நம்மகிட்ட சொல்லக் கூச்சம். வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சு விடுற சாக்குலயாவது யாராவது ஒரு பொம்பளையாள் பாக்குற மாரி ஏற்பாடு பண்ணிக்கிடுங்க. இல்லன்னா நீங்களே பாருங்க. நான் இப்ப பாக்கேன். முதல் தடவை ரெண்டு பேருக்குமே சங்கடமாத்தான் இருந்துச்சு, ரெண்டாந் தடவை இல்ல. சின்னப் புள்ளையில எனக்கு அவ பாக்காத எடமா.

சரி, சனிக்கிழமை ராத்திரி. கொப்புளம் வந்து மூணாவது நாள், நேரக்கணக்குப் பாத்தா அறுபது மணி நேரம் பக்கந்தான் ஆயிருக்கும். அன்னைக்கு ராத்திரியே ஒரு டாக்டரப் பாத்துருந்தா மாத்திரை சரியான நேரத்துல உள்ள போயிருக்கும். நான் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். சுகர் உள்ளவங்க, மாருக்குக் கீழ செவப்பா இருக்குன்னு சொன்னதும் ஒரு டியூப் களிம்பும் அரிப்பு மாத்திரையும் குடுத்தாவ, 380 ரூபா. பின்னால தோல் டாக்டர் அந்த டியூபைப் பாத்துட்டு இது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்ததுன்னாவ. வலி இருக்கா, எந்தப் பக்கம், கொப்புளத்துல தண்ணி இருக்கான்னு கடையில யாரும் கேக்கல, நானும் சொல்லல. ஸ்டீராய்டு களிம்புகள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018லயே சட்டம் வந்துருக்கு, ஆனா நாம கேட்டா கெடைக்குது, கெடைக்குறதால நாமளும் வாங்குறோம். வயசானவங்க தோலு ஏற்கெனவே காகிதம் மாரி மெலிசா இருக்கும், அது மேல ஸ்டீராய்டை மாசக்கணக்குல தடவுனா இன்னும் மெலிஞ்சு லேசா ஒரசுனாலே கிழியும், படர்தாமரை மேல போட்டா முதல்ல அடங்குற மாரி காட்டி பெறவு பரந்து வரும். தோல்ல என்ன வந்தாலும் பேரு தெரியாம களிம்பு தடவக் கூடாதுங்கறத நான் 380 ரூபா குடுத்துக் கத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சித்தி திரும்ப வந்து பாத்துட்டு "இது அக்கிதாண்டே, எழுதிட்டு வந்துருங்க"ன்னு சொன்னாவ. எங்க பக்கம் தெரியாதவங்களுக்கு சொல்றேன், அக்கி வந்தா மண்பானை செய்றவங்க வீட்டுக்குப் போயி செங்காவியக் குழைச்சு கோழி இறகால கொப்புளத்து மேல எழுதிக்கிடுறது வழக்கம், மூணு நாள் எழுதணும், குளிக்கக் கூடாது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு நாளும் ஆட்டோ புடிச்சு கூட்டிட்டுப் போனேன், ஆட்டோவுக்கு மட்டும் 900 ரூபா. எழுதின தாத்தா மேல எனக்கு ஒரு துளி வருத்தமும் கெடையாது. வெத்தலை பாக்கைத் தவிர காசு வாங்கல, அம்மாகிட்ட அவ்ளோ தன்மையாப் பேசுனாவ, பூசின உடனே குளிர்ச்சியா இருக்குன்னு அம்மாவும் சொன்னா. ஆனா வீட்டுக்கு வர்றதுக்குள்ள அந்தக் காவி காஞ்சு இறுகி, வயல்ல தண்ணி வத்துன சேறு வெடிக்குமே அந்த மாரி வெடிச்சு, கொப்புளத்துத் தோலையும் சேத்து இழுக்க ஆரம்பிச்சுட்டு. ஒவ்வொரு தடவை மூச்சு வாங்கும்போதும் முணங்குனா. வாழை இலைக் குருத்தை துணிக்கும் உடம்புக்கும் நடுவுல வச்சுக்கிட்டு பட்டாசல்ல வலது பக்கமா ஒருக்களிச்சே படுத்துருந்தா. கத்தரிக்கா ஆகாது கருவாடு ஆகாதுன்னு வெறும் கஞ்சி, அதுல சுகரும் ஏறிட்டு எறங்கிட்டு கெடந்துச்சு. காவி பூசினதால வியாதி கூடிச்சுன்னு நான் சொல்லல. காவி பூசியாச்சு, இனி சரியாயிரும்னு நாங்க நம்பிக்கிட்டு உக்காந்துருந்த அந்த மூணு நாள்தான் எங்களக் கெடுத்துச்சு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கவர்மெண்டோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல இருந்து மாசாமாசம் சுகர் மாத்திரை கொண்டு வர்ற பொண்ணு வந்துச்சு. அம்மா படுத்துருக்கத பாத்துட்டு "என்ன அத்தை?"ன்னு கேட்டு, சேலைய வெலக்கிப் பாத்துட்டு நேரா எங்கிட்ட வந்து "அண்ணே, எத்தன நாளாச்சு?"ன்னு கேட்டுச்சு. ஆறு நாள்னேன். "இதுக்கு மாத்திரை இருக்குண்ணே, நாளைக்கு காலையில தோல் டாக்டர்ட்ட போயிருங்க, இனி ஒரு நாளும் தள்ளாதீங்க"ன்னு சொல்லிச்சு. எனக்கு அப்படியே அடிவயித்துல கல்லைப் போட்ட மாரி ஆயிட்டு. அக்கிக்கு மாத்திரை இருக்குங்கற விஷயமே எனக்கு 51 வயசுல அன்னைக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை பாளையங்கோட்டையில ஒரு தோல் டாக்டரப் பாத்தோம். அந்தம்மா கோவமே படல, "ஆச்சி, சின்னப் புள்ளையில அம்மை போட்டுருக்கா?"ன்னு மொதக் கேள்வி கேட்டாவ. அம்மாவுக்கு எட்டு வயசுல சின்னம்மை வந்தது ஞாபகம் இருந்துச்சு. அதே கிருமிதானாம் இது. அம்மை எறங்குன பெறவு அது உடம்ப விட்டுப் போகாம முதுகெலும்பு ஓரத்துல நரம்பு வேர்ல ஒளிஞ்சு கெடக்குமாம், வயசாகி, சுகரு கூடி, உடம்புல எதிர்ப்பு கொறையுறப்ப அறுபது வருஷம் கழிச்சுக்கூட முழிச்சுக்கிட்டு அந்த ஒரு நரம்பு வழியாவே தோலுக்கு வருமாம். அதனாலதான் ஒரு பக்கம் மட்டும் பட்டை மாரி வருது, நடுக்கோட்டைத் தாண்டாது. "அக்கி சுத்தி வந்து தலையும் வாலும் முட்டுனா உசுருக்கு ஆகாது"ன்னு சித்தி சொன்னதை நெனச்சு அம்மா ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தா, அது சுத்தியே வராது ஆச்சின்னு டாக்டர் அவ கையைப் புடிச்சுக்கிட்டு சொன்னப்பதான் அவளுக்கு மூச்சே வந்துச்சு. காஞ்ச காவிய உப்புத்தண்ணியில நனைச்ச துணியால ஒத்தி ஒத்தி எடுக்க முக்கா மணி நேரம் ஆச்சு, அடியில ரெண்டு எடத்துல சீழ் வச்சுருந்துச்சு.

அந்த மாத்திரை கிருமி பெருகுறத நிறுத்துறது. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன். நாங்க போனப்ப அது தாண்டி மூணு நாள் ஆயிருந்தாலும் ஓரத்துல புதுக் கொப்புளம் வந்துகிட்டு இருந்ததால குடுத்துப் பாப்போம்னாவ. சுகர் ஆளுன்னு கிட்னிக்கு கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் எழுதுனாவ, ஏன்னா கிட்னி சரியில்லன்னா அளவைக் கொறைக்கணும், அதனால பக்கத்து வீட்டு ஆளுக்குக் குடுத்த சீட்டை வச்சு நாமளா வாங்கிப் போடக் கூடாது. வாலாசைக்ளோவிர்னு பேரு, ஒரு நாளைக்கு மூணு, ஏழு நாள். ஏசைக்ளோவிர்னு இன்னொண்ணு இருக்கு, அது ஒரு நாளைக்கு அஞ்சு தடவை போடணும், வயசானவங்க மறந்துருவாங்கன்னு இதை எழுதுனாவ. சீழுக்கு தனி மாத்திரை. டாக்டர் பீஸ், டெஸ்ட்டு, மருந்து எல்லாம் சேந்து 2,400. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்கு சனிக்கிழமை ராத்திரியே போயிருந்தா இதுவும் ஆயிருக்காது.

குளிக்கலாம்னாவ. வெதுவெதுன்னு தண்ணி, மெல்லிசான சோப்பு, தேய்க்காம ஒத்தி எடுக்கணும், கொப்புளத்த ஒடைக்கக் கூடாது, மேல தளர்வா பருத்தித் துணி. வேப்பிலை, சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் எதையும் வைக்கக் கூடாது. பத்தியம் எதுவும் கெடையாது, சுகருக்கு உள்ளது மட்டுந்தான். அக்கி அப்படியே அக்கியா அடுத்தவங்களுக்கு ஒட்டாது, ஆனா கொப்புளத்துத் தண்ணி பட்டா இதுவரைக்கும் அம்மை வராதவங்களுக்கு அம்மை வரலாம், அதனால பொருக்கு தட்டுற வரைக்கும் மாசமா இருக்கவங்க, கைக்குழந்தை, கேன்சருக்கு மருந்து எடுக்கவங்க இவங்கள கிட்ட விடாதீங்கன்னு சொன்னாவ. சித்தி மருமக ஆறு மாசம், தெனமும் வந்து அம்மா பக்கத்துல உக்காந்துட்டுப் போயிருக்கு. அதுக்கு சின்ன வயசுலயே அம்மை வந்துட்டுதுன்னு தெரியுற வரைக்கும் எனக்கு உசுரு கையில இல்ல.

இன்னொண்ணும் சொன்னாவ, இது எல்லாரும் மனசுல வச்சுக்கிடணும். அக்கி நெத்தியில, கண் இமையில, மூக்கு நுனியில வந்தா அன்னைக்கே கண் டாக்டர்ட்ட போகணும், இல்லன்னா பார்வையே போயிரலாம். காதுக்குள்ள கொப்புளம் வந்து வாய் ஒரு பக்கம் கோணுனாலும் அதே அவசரம்.

மூணு வாரத்துல பொருக்கு உதுந்து தோலு ஆறிட்டு. நான் முடிஞ்சதுன்னு நெனச்சேன். அப்பதான் ஆரம்பிச்சுது. தோல்ல ஒண்ணுமே இல்ல, வெறும் தழும்பு, ஆனா சேலை முந்தானை பட்டாலே துள்ளுவா, ஃபேன் காத்து பட்டா ஆகாது, "மொளகாப்பொடிய அள்ளித் தேச்ச மாரி இருக்கு ஐயா"ம்பா. அஞ்சு மாசம் ரவிக்கை போடல. ரவிக்கை போட முடியாததால கோயிலுக்குப் போகல, ஒரு கல்யாண வீட்டுக்குப் போகல, தெருவுல யாரும் வந்தா உள்ள போயிருவா. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் முழிச்சுப் பாத்தா தார்சாவுல இருட்டுல உக்காந்துருப்பா. எனக்கு முழிப்பு தட்டக் கூடாதுன்னு சத்தம் போடாம அழுவா. அதுதான் என்னால தாங்க முடியல. கிருமி நரம்பையே புண்ணாக்கிட்டுப் போறதால வர்ற வலி இது, அறுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஜாஸ்தி வரும், மூணு மாசம் தாண்டியும் இருந்தா அதுக்கு தனி வைத்தியம், சாதாரண வலி மாத்திரை கேக்காது. ப்ரீகாபாலின்னு ராத்திரிக்கு ஒரு மாத்திரை குடுத்தாவ. ரெண்டாவது நாளே விடியக்காலம் அங்கணத்துக்குப் போனவ தலை சுத்தி சுவத்தைப் புடிச்சுட்டு நின்னா, நல்லவேளை விழல, அந்த வயசுல இடுப்பு ஒடைஞ்சா என்ன ஆகும்னு நெனச்சாலே பதறுது. திரும்பப் போயி சொன்னோம், அளவைக் கொறைச்சு, பெறவு பைய பையக் கூட்டுனாவ. இந்த மாத்திரையெல்லாம் கொஞ்சத்துல ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்க, முதல் ரெண்டு வாரம் ராத்திரி பக்கத்துல ஒரு ஆள் படுத்துக்கிடுங்க, பாத்ரூம் லைட்டை அணைக்காதீங்க, வலி போயிட்டுன்னு பட்டுன்னு நிறுத்தாதீங்க.

ஆஸ்பத்திரியில காத்துக் கெடந்த நாள்கள்ல மத்த தோல் தொந்தரவுகளயும் டாக்டர்ட்ட கொஞ்சங் கொஞ்சமா கேட்டு வச்சுக்கிட்டேன். மாருக்குக் கீழ, தொடை இடுக்குல அரிப்போட ஈரமா செவந்து, பெரும்பாலும் ரெண்டு பக்கமும் இருந்தா அது மடிப்புப் பூஞ்சை, சுகர் உள்ளவங்களுக்கு அடிக்கடி வரும், குளிச்சதும் ஈரம் இல்லாம ஒத்தித் தொடைச்சு காத்தாட விடணும், சுகரையும் பாக்கணும். ராத்திரியானா அரிப்பு ஜாஸ்தி, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் பக்கம், வீட்டுல இன்னொருத்தருக்கும் இருக்குன்னா சொறி, ஒருத்தருக்கு மட்டும் மருந்து போட்டா போகாது, வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல போட்டு துணி போர்வையெல்லாம் வெந்நியில அலசணும். மார்கழிக் குளிர்லயும் ஆனி ஆடி காத்துலயும் முழங்காலுக்குக் கீழ வெடிச்சு அரிக்கறது வறட்சி, கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்தாம, குளிச்ச ஈரத்தோட தேங்காண்ணெயோ வாசனை இல்லாத க்ரீமோ தடவுனா போதும். புதுசா ஒரு மாத்திரை ஆரம்பிச்ச சில நாள்லயோ வாரத்துலயோ உடம்பு முழுக்க செவந்தா, முக்கியமா வாய், கண்ணு புண்ணாகி காய்ச்சலும் வந்தா, அது மருந்து ஒத்துக்காதது, உடனே ஆஸ்பத்திரி. அரிப்பை விட எரிச்சலும் வலியும் ஜாஸ்தியா, ஒரே பக்கம், கொத்துக் கொத்தா தண்ணிக் கொப்புளம்னா அது பெரும்பாலும் அக்கிதான். தெனமும் ஒரே வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க, என்னைக்கு முதல்ல வந்துச்சுன்னு காலண்டர்ல குறிங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்விகள்ல அதுவும் ஒண்ணு.

கணக்கு எழுதுறவன்ங்கறதால எல்லாத்தையும் எழுதி வச்சுருந்தேன். முதல்ல சொன்ன செலவெல்லாம் சேத்து 8,030, பெறவு அஞ்சு மாச நரம்பு வலி மாத்திரையும் போக்குவரத்தும் 9,000, 19 நாள் சம்பளம் போனது 11,400, மொத்தம் 28,430 ரூபா. அக்கா பாதி அனுப்புனா. சனிக்கிழமை ராத்திரியே சரியான எடத்துக்குப் போயிருந்தா இதுல முக்காவாசி மிஞ்சியிருக்கும். அப்ப வலி வந்துருக்கவே வந்துருக்காதான்னு டாக்டர்ட்ட கேட்டேன், உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா நோவு இவ்ளோ கடுமையா, இவ்ளோ நாள் நின்னுருக்காம இருந்துருக்கலாம்னாவ. அந்தப் பதிலோடதான் நான் இருக்கேன்.

இதுக்கு தடுப்பூசி இருக்கு, ஷிங்ரிக்ஸ்னு பேரு, 2023ல இந்தியாவுக்கு வந்துருக்கு. 50 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு, ரெண்டு ஊசி, நடுவுல ரெண்டுல இருந்து ஆறு மாசம் இடைவெளி. எங்கிட்ட சொன்ன வெலை ஒரு ஊசிக்கே 10,000க்கு மேல, நம்ம மாரி ஆளுங்களுக்கு அது சின்னக் காசு இல்ல. ஆனாலும் மாசம் ஆயிரம் ரெண்டாயிரம்னு தபால் ஆபீஸ்ல போட்டுட்டு வர்றேன். ஒரு தடவை வந்தவங்களுக்கும் திரும்ப வரலாம்ங்கறதால அம்மாவுக்கும் போடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காவ, அதனால முதல்ல அவளுக்கு, பெறவுதான் எனக்கு.

புரட்டாசிக் கடைசியில வலி பாதிக்கு மேல கொறைஞ்சுட்டு. ஐப்பசி மொத வெள்ளிக்கிழமை காலையில நான் வேலைக்குக் கெளம்பிட்டு இருக்கேன், பட்டாசல்ல இருந்து கூப்ட்டா. பழைய நூல் ரவிக்கை ஒண்ணைப் போட்டுக்கிட்டு, கொக்கியெல்லாம் மாட்டி, கையைத் தூக்கிக் காட்டிட்டு "எரியல ஐயா, பூமிநாதரப் பாத்துட்டு வந்துருவமா"ன்னு கேட்டா. அன்னைக்கு மில்லுக்கு லீவு சொல்லிட்டேன்.